பாரிஸில் கல்யாண நாள் சாப்பாடு: மனைவி சுத்த சைவம், பெரிய உணவகத்துக்குப் போகலாமா?

சேலத்துக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் இரண்டாவது வாரம் நானும் என் மனைவியும் பிரான்ஸ் போகிறோம். மகள் லியோனில் மேற்படிப்பு படிக்கிறாள். அவளோடு ஒரு வாரம் இருந்துவிட்டு, நாங்கள் இருவர் மட்டும் நாலு நாள் பாரிஸில் தங்குகிறோம். அந்த நாலு நாளுக்குள்தான், ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருடம் நிறைகிறது. இத்தனை வருடத்தில் அவளை ஒரு பெரிய உணவகத்துக்குக்கூட நான் கூட்டிக்கொண்டு போனதில்லை. வீடு, கடை, பிள்ளை படிப்பு என்று காலம் ஓடிவிட்டது. அன்றைக்கு ஒரு வேளையாவது மேசைத் துணி விரித்த ஒரு நல்ல இடத்தில் அவளை உட்கார வைத்துச் சாப்பிட வைக்க வேண்டும் என்று மனதில் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால் அவள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பால், தயிர், வெண்ணெய் எல்லாம் சாப்பிடுவாள். எனக்குக் கோழி, மீன் பழக்கம், மாடும் பன்றியும் இல்லை. இருவருமே மது தொடுவதில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து 300 யூரோ ஒதுக்கியிருக்கிறேன், நம் கணக்கில் கிட்டத்தட்ட 30,000 ரூபாய். ஆர்பேஜ் என்று ஒரு உணவகம் காய்கறிக்குப் பேர் போனது என்று மகள் சொன்னாள், அங்கே இந்தப் பணத்தில் முடியுமா? உணவகங்களுக்குத் தரம் போடும் மிஷெலின் கையேட்டில் நட்சத்திரம் வாங்கிய இடத்துக்குக் கோட்டு சூட்டு போட்டுத்தான் போக வேண்டுமா? ஒயின் வேண்டாம் என்றால் முகம் சுளிப்பார்களா? டிப்ஸ் எவ்வளவு? மனைவிக்கு உள்ளுக்குள் ஒரு பயம், "அங்கே போய் எதைச் சாப்பிடுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதற்கு, ரூமிலேயே குக்கரில் சாதம் வைத்துக்கொள்ளலாம்" என்கிறாள். போய் வந்தவர்கள் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

காவேரிக்கரை

முதலில் வாழ்த்துகள் சார். தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். நானும் முட்டை சேர்க்காத சைவம், வேலை விஷயமாகப் பாரிஸுக்கு ஐந்தாறு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை அலுவலகத்தில் ஒரு பெயர் பெற்ற இடத்துக்கு எல்லோரையும் அழைத்துப் போனார்கள். முன்பதிவில் என் பெயருக்கு எதிரே 'வெஜிடேரியன்' என்று ஒரே வார்த்தை. வந்த தட்டு பார்க்க அவ்வளவு அழகு: சின்னச் சின்ன கேரட், பச்சைப் பட்டாணி, டர்னிப், அதன் மேல் கண்ணாடி மாதிரி மின்னும் பழுப்பு நிறச் சாறு. இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு ஏதோ உறுத்தியது, கேட்டேன். பரிமாறுபவர் பெருமையாகவே சொன்னார், கன்றுக்குட்டி எலும்பை மணிக்கணக்காகக் கொதிக்க வைத்துச் சுண்ட வைத்த சாறு, ஆனால் இறைச்சி ஒரு துண்டுகூட இல்லை என்று. அவர் ஏமாற்றவில்லை, அவர்கள் கண்ணில் அது இறைச்சியே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தட்டை எடுத்துப் போய் வேறு கொண்டுவந்தார்கள், ஆனால் பாதி வேளையில் அவர்களால் செய்ய முடிந்தது வேகவைத்த காய் மேல் கொஞ்சம் எண்ணெய்.

அதனால் 'வெஜிடேரியன்' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். மீன் சாப்பிடுகிறவர்களும் அங்கே தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வதுண்டு. நான் இப்போது கடைப்பிடிக்கும் வழி இது. முன்பதிவு செய்யும்போதே மின்னஞ்சலில் 'வேகன்', அதாவது விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காதவர், என்று எழுதிவிடுவேன். அந்த ஒரு சொல் போட்டால் எலும்புச் சாறு, மீன் சாறு, முட்டை, ஜெலட்டின் (விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்) எல்லாம் ஒரே அடியாக விலகிவிடும், சமையலறைக்கும் அது பழகிய சொல். அடுத்த வரியிலேயே "ஆனால் பால், வெண்ணெய், கிரீம், தயிர் சாப்பிடுவார்" என்று சேர்த்துவிடுவேன். வெண்ணெய் உண்டு என்று தெரிந்ததும் அவர்களுக்கும் பெரிய நிம்மதி, பிரெஞ்சுச் சமையலில் வெண்ணெயை எடுத்துவிட்டால் அவர்கள் கையே ஓடாது. உங்கள் மகளுக்கு மொழி தெரியும் என்பதால் அவளையே பிரெஞ்சில் எழுதச் சொல்லுங்கள்.

முட்டை விஷயத்தில் இனிப்பில்தான் கவனம் வேண்டும். ஐஸ்கிரீமில் மஞ்சள் கரு இருக்கும், மூஸில் இருக்கும், கஸ்டர்டு கேட்கவே வேண்டாம், உலர்த்தாமல் அன்றன்று பிசைந்து செய்யும் பாஸ்தாவில்கூட உண்டு. ஜெலட்டின் இன்னொரு பக்கம். சோர்பே எனப்படும் பழக்கூழ் ஐஸ் பெரும்பாலும் ஒத்துவரும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பாலாடைக்கட்டி பற்றியும் உங்கள் மனைவியிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள். கோந்த்தே, பார்மெசான் போன்ற பழைய வகைகளைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் போட்டுத்தான் செய்கிறார்கள். சிலருக்கு அது பரவாயில்லை, எனக்கு மனம் ஒப்பவில்லை, அது அவரவர் முடிவு.

ஆர்பேஜ் பற்றி: மகள் சொன்னது சரிதான். அலென் பஸார் என்ற சமையல் கலைஞர் நடத்துவது. 1996 முதல் மூன்று நட்சத்திரம். 2001-ல் சிவப்பு இறைச்சியை மெனுவிலிருந்து எடுத்துவிட்டார், அப்போது ஊரே ஆச்சரியப்பட்டது. 2025-ல் மீன், முட்டை, வெண்ணெய் எல்லாவற்றையும் விட்டு, தேன் ஒன்றைத் தவிர முழுக்கத் தாவர உணவுக்கு வந்துவிட்டார். காய்கள் அவருடைய சொந்தத் தோட்டங்களிலிருந்து வருகின்றன. ஆனால் மதியச் சாப்பாடே ஒருவருக்கு 200 யூரோவைத் தாண்டும், உங்கள் கணக்குக்குள் வராது. சனி, ஞாயிறு மூடியும் இருக்கும். அதனால் அதை மனதிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு நட்சத்திர இடம் ஒன்றின் மதிய மெனுவைத் தேடுங்கள். 300 யூரோவுக்கு அது வசதியாகவே முடியும்.

தேனிப் பையன்

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம் அண்ணா. 30,000 ரூபாய் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு என்பது என் மனதுக்கு ஒத்துவரவில்லை. நான் போனபோது பூயோன் ஷார்த்தியே என்ற இடத்தில் சாப்பிட்டேன். 1896-லிருந்து நடக்கிறது, வேலை செய்கிற சனங்களுக்குக் குறைந்த விலையில் வயிறார சாப்பாடு போட ஆரம்பித்த கடை. உயரமான கூரை, பித்தளைக் கம்பிகள், பெரிய பெரிய கண்ணாடிகள், அதைப் பார்க்கவே போகலாம். சாப்பிட்டு முடித்ததும் மேசை மேல் விரித்திருக்கும் காகிதத்திலேயே கணக்கைக் கூட்டிப் போட்டுவிடுவார்கள். இரண்டு பேர் நிறைவாகச் சாப்பிட்டு 50 யூரோ ஆகவில்லை. கொஞ்ச நேரம் வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். மிச்சப் பணத்துக்கு அண்ணிக்கு ஒரு நல்ல பொருள் வாங்கிக் கொடுங்கள், அது வீட்டில் இருக்கும்.

காவேரிக்கரை

தேனித் தம்பி, பூயோன் நல்ல இடம்தான், நானும் சொல்வேன். ஆனால் முட்டை சேர்க்காத சைவத்துக்கு அங்கே தேறுவது ஒரு சாலட், ஒரு சூப், அதிலும் சூப்பைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஒவ்வொரு மேசைக்கும் தனியாகச் செய்து தருகிற வேகம் அங்கே கிடையாது, கூட்டம் அப்படி. சைவக்காரர்களுக்குப் பெரிய உணவகம்தான் உண்மையில் சௌகரியம், ஏனென்றால் அங்கே ஒரு தட்டை உங்களுக்கென்று யோசித்துச் செய்ய ஆள் இருக்கிறது. 25 வருடம் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு, மூன்று மணி நேரம் உட்கார வைத்து ஒருவர் பரிமாறினால் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் அம்மாவை அப்படிக் கூட்டிப்போக எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

லாச்சப்பல் அண்ணா

வணக்கம். நான் யாழ்ப்பாணம், பாரிஸுக்கு வந்து 20 வருசத்துக்கு மேல். வந்த புதிதில் உணவகக் குசினியில் (சமையலறையில்) கோப்பை கழுவினேன் (நாங்கள் சாப்பாட்டுத் தட்டைத்தான் கோப்பை என்போம்), பிறகு காய் வெட்டினேன், இப்போது ஒரு குசினியில் சோஸ் அடுப்பு என் பொறுப்பு. இங்கே எந்தப் பெரிய உணவகத்தின் பின்கதவைத் திறந்தாலும் எங்கட பெடியள் ஒன்றிரண்டு பேராவது நிற்பார்கள். அதனால் உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

தங்கச்சி சொன்ன அந்தப் பழுப்புச் சாறு இருக்கிறதே, அதைத்தான் நான் தினமும் காய்ச்சுகிறேன். எலும்பை முதலில் ஓவனில் வைத்துச் சிவக்கச் சுட்டு, வெங்காயம், கரட், செலரி போட்டு, பெரிய பானையில் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் மெல்லக் கொதிக்க விடுவோம். மேலே வரும் நுரையையும் கொழுப்பையும் அள்ளி அள்ளி எடுக்க வேண்டும். பிறகு வடித்துச் சுண்ட வைத்தால் கரண்டியின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு நாளில் பாதிச் சோஸ் அதிலிருந்துதான் பிறக்கும். மத்தியானம் 12.45-க்கு ஒரு சீட்டு வந்து, "மேசை 6, இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை" என்றால், அந்த நேரம் எங்களிடம் காயில் செய்த சாறு இருக்காது, எட்டு மேசைக்கு நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். அப்போதுதான் வேகவைத்த காய் மட்டும் வெளியே போகும். அதே விஷயம் இரண்டு நாள் முன்னரே தெரிந்தால், காளான், வெங்காயம், பூண்டு, தக்காளி எல்லாவற்றையும் சிவக்க வறுத்து அதில் தனிச்சாறு எடுத்து வைப்போம், அந்த மேசைக்கென்று ஒரு சின்னச் சட்டி ஓரமாகக் காத்திருக்கும். செய்ய மனம் இல்லாமல் யாரும் இல்லை. சமையல்காரனுக்கு அது வழக்கத்தை விட்டு வெளியே வரும் ஒரு நல்ல சாட்டு.

ஒன்று விளங்கிக்கொள்ளுங்கோ, கோப்பை திரும்பி வரும்போது தலைமைச் சமையல்காரர் பார்ப்பார். சாப்பிடாமல் வந்தால் "ஏன், என்ன குறை?" என்று கேட்டு ஆள் அனுப்புவார். ஆகவே அம்மாவுக்கு ஏதாவது சரியில்லை என்றால் வெட்கப்படாமல் உடனே சொல்ல வேண்டும், சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லிப் பிரயோசனம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். நல்ல இடங்களில் கனக்க ஞாயிறும் திங்களும் பூட்டு, சில சனியும் ஞாயிறும் பூட்டு. ஓகஸ்ட் மாதம் முழுக்க விடுமுறை விட்டுச் செப்டம்பர் தொடக்கத்தில்தான் திறப்பார்கள், நீங்கள் வருகிற நேரம் சரியாக இருக்கும். வியாழன் அல்லது வெள்ளி மத்தியானம் எடுங்கோ. அதே குசினி, அதே ஆட்கள், அதே கை, ஆனால் இரவில் 130, 150 யூரோ வாங்கும் இடம் மத்தியானம் 60, 80-க்குச் சாப்பாடு தரும். மத்தியானம் என்றால் 12-க்கும் 1.30-க்கும் இடையில் வந்து உட்கார வேண்டும். இரண்டரைக்குப் போனால் அடுப்பு அணைந்திருக்கும், எவ்வளவு கேட்டாலும் கிடைக்காது.

இங்கே 'மெனு' என்று சொன்னால் ஒரு விலைக்கு மூன்று நாலு கோப்பை வரிசையாக வரும் சாப்பாடு. உணவுப் பட்டியலுக்குப் பெயர் 'கார்த்'. 'ஓந்த்ரே' என்பது முதல் கோப்பை, 'ப்ளா' என்பது முதன்மைச் சாப்பாடு. அமெரிக்காவில் இருந்து வருகிறவர்கள் இதில் குழம்புவார்கள், அங்கே ஓந்த்ரே என்றால் முதன்மைச் சாப்பாடு. கேட்காமலே முதலில் ஒரு வாய் அளவில் ஏதாவது வரும், கடைசியில் கோப்பியோடு சின்ன இனிப்புகள் வரும், அவற்றுக்குக் காசு இல்லை. அந்த ஒரு வாய்ச் சாப்பாட்டிலும் கடைசி இனிப்பிலும்தான் முட்டை, ஜெலட்டின் பற்றி மறந்துவிடுவார்கள், வந்தவுடன் ஒருமுறை கேளுங்கோ.

உள்ளே நுழையும்போது 'பொன்ஜூர்' சொல்லாமல் எதையும் கேட்காதீர்கள், அது இங்கே பெரிய மரியாதைக் குறைவு. பரிமாறுகிறவரைக் கை தட்டியோ சத்தம் போட்டோ கூப்பிட வேண்டாம், கண்ணைப் பார்த்தால் வருவார். முள்ளும் கத்தியும் பழக்கமில்லை என்று பயப்படாதீர்கள். முடித்துவிட்டால் இரண்டையும் கோப்பையில் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து வைத்துவிடுங்கோ, எடுத்துப் போவார்கள். பாணை (ரொட்டியை) எல்லோரும் கையால்தான் பிய்த்துச் சாப்பிடுவார்கள். பெரிய இடங்களில் பாணால் சோஸை வழித்துச் சாப்பிடக்கூடாது என்று ஒரு பேச்சு உண்டு, ஆனால் வழித்துத் துடைத்த கோப்பை குசினிக்குத் திரும்பி வந்தால் எனக்கு அன்று முழுக்கச் சந்தோசம்.

கணக்குப்பிள்ளை

வங்கியில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் பணப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

இப்போது பாதி இடங்களில் முன்பதிவுக்கே கார்டு எண் கேட்கிறார்கள். உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயல்பாகவே அணைத்துத்தான் வைத்திருப்பார்கள், 2020-லிருந்து ரிசர்வ் வங்கி விதி அப்படி. வங்கி ஆப்பில் போய் வெளிநாடு, இணையம் இரண்டையும் திறந்து, வரம்பையும் வைத்துக்கொள்ளுங்கள். ஓடிபி வரும் சிம் அங்கே வேலை செய்ய ரோமிங் தேவை, அல்லது ஊரிலிருந்து கிளம்பும் முன்னாலேயே முன்பதிவை முடித்துவிடுங்கள். அதுதான் நல்லது.

கார்டு எண் வாங்குவது பணம் எடுக்க இல்லை, வராமல் போனால் எடுக்க. என் மைத்துனர் குடும்பத்துக்கு இது நடந்தது. ரயில் தாமதம், உணவகத்துக்குத் தகவல் சொல்லவில்லை, இரண்டு பேருக்கு 120 யூரோ போய்விட்டது. அவர் ரொம்ப வருத்தப்பட்டார், ஆனால் உறுதிப்படுத்தும் மின்னஞ்சலில் 48 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது, அவர் படிக்கவில்லை. அந்த மின்னஞ்சலை முழுக்கப் படியுங்கள். தாமதமாகும் என்றால் ஒரு போன் போட்டுவிடுங்கள், இருபது மேசைகூட இல்லாத கடைக்கு ஒரு மேசை காலியானால் நிஜமாகவே நஷ்டம்.

பில் கட்டும்போது இயந்திரம் "ரூபாயிலா, யூரோவிலா" என்று கேட்கும். யூரோவை அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் போடும் மாற்று விகிதம், அதில் நமக்குத்தான் நட்டம். நம் வங்கியும் பெரும்பாலான கார்டுகளுக்கு 3.5 சதவீதம் வரை மாற்றுக் கட்டணம், அதற்கு மேல் ஜிஎஸ்டி பிடிக்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிப்ஸ் கேட்டிருந்தீர்கள். பிரான்ஸில் பட்டியலில் போட்ட விலையிலேயே வரியும் சேவைக் கட்டணமும் அடக்கம், சட்டப்படி அப்படித்தான் போட வேண்டும். 80 யூரோ என்றால் 80 யூரோதான். நம் ஊர் மாதிரி கடைசியில் ஜிஎஸ்டி, சர்வீஸ் சார்ஜ் என்று ஏறாது. மனநிறைவு இருந்தால் ஐந்தோ பத்தோ ரொக்கமாக வைத்துவிட்டு வரலாம், கட்டாயம் கிடையாது. தண்ணீரும் அப்படியே, பாட்டில் தண்ணீருக்குக் காசு, 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் ஜாடியில் இலவசமாகத் தருவார்கள், நன்றாகக் குடிக்கலாம். இன்னொன்று, நீங்கள் கேட்காமல் பில் கொண்டுவர மாட்டார்கள். கொண்டுவந்து வைத்தால் எழுந்து போ என்று சொல்வது மாதிரி அவர்களுக்கு. நாங்கள் முதல் தடவை முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்.

சேலத்துக்காரன்

எல்லோருக்கும் கோடி நன்றி. இவ்வளவு விஷயம் இருக்கும் என்று நினைக்கவில்லை. மனைவிக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன், அந்த எலும்புச் சாறு கதை கேட்டுக் கொஞ்சம் பயந்தாள், அப்புறம் லாச்சப்பல் அண்ணா எழுதியதைக் கேட்டதும் தெளிந்துவிட்டாள். தனிச்சட்டி வைப்பார்கள் என்றதும் "அப்படியா செய்வார்கள்?" என்று இரண்டு தடவை கேட்டாள். உடை விஷயம் மட்டும் யாரும் சொல்லவில்லையே? அவள் பட்டுப்புடவை கட்டலாமா, எனக்குக் கோட்டு கிடையாது.

கணக்குப்பிள்ளை

கோட்டு வேண்டாம். மிஷெலின் நட்சத்திரம் தட்டில் இருக்கும் சாப்பாட்டுக்கு மட்டும்தான், இடத்தின் ஆடம்பரத்துக்கு இல்லை. டயர் கம்பெனிக்காரர்கள் 1900-ல் கார் ஓட்டுகிறவர்களுக்காகப் போட ஆரம்பித்த கையேடு அது, நட்சத்திரம் 1926-ல் வந்தது. மூன்று நட்சத்திரம் என்றால் அதற்காகவே பயணம் போகலாம், இரண்டு என்றால் வழியை மாற்றிக்கொண்டு போகலாம், ஒன்று என்றால் போகிற வழியில் இருந்தால் நிறுத்தலாம், இப்படித்தான் அதன் பொருள். ஒரு நட்சத்திர இடங்களில் பல சின்னக் கடைகள், மேசைத் துணிகூட இருக்காது. சுத்தமான முழுக்கைச் சட்டை, பேண்ட், ஷூ போதும். அரைக்கால் சட்டையும் செருப்பும் மட்டும் வேண்டாம்.

லாச்சப்பல் அண்ணா

அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வரட்டும். கல்யாண நாள் என்று முன்பதிவில் எழுதிவிடுங்கோ, நல்ல மேசை தருவார்கள். பின்னேரம் குளிரும், ஒரு சால்வை வைத்திருங்கோ. ஒயின் வேண்டாம் என்றால் ஒருவரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள், இப்போது கனக்க இடங்களில் மது இல்லாத பானங்களையே ஒவ்வொரு கோப்பைக்கும் பொருத்தமாகத் தருகிறார்கள், பழச்சாறு, மூலிகைத் தேநீர், புளிக்க வைத்த தேநீர் என்று. அதைக் கேட்டுப் பாருங்கோ.

இன்னொரு விஷயம். உணவகத்துக்கு வெளியே அம்மாவுக்குப் பசித்தால் பாண்கடைக்குப் போய் 'பகெத் ட்ரதிசியோன்' என்ற நீளப் பாண் வாங்குங்கோ. 1993-ல் வந்த அரசாணைப்படி அதில் கோதுமை மா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மா, இவ்வளவுதான் அடிப்படை, முட்டையும் பாலும் கிடையாது. குரோசான் மேல் முட்டை பூசுவார்கள், பிரியோஷில் முட்டை உள்ளேயே இருக்கும், அவை வேண்டாம். 2023-ல் பாரிஸின் சிறந்த பகெத் போட்டியில் வென்றவர் எங்கட தர்ஷன் செல்வராஜா, இலங்கையில் பிறந்தவர், 20-ஆம் வட்டாரத்தில் கடை. வென்றவருடைய பாண் ஒரு வருசத்துக்கு ஜனாதிபதி மாளிகைக்குப் போகும். அந்தச் செய்தி வந்த அன்று எங்கட குசினியில் கோப்பை கழுவுகிற பெடியன் முதல் எல்லோரும் கை தட்டினோம்.

கியோத்தோ வாசி

தலைப்பு பாரிஸ் என்றாலும் சைவக்காரர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வரி. ஜப்பானில் எலும்புச் சாறு இருக்கும் இடத்தில் மீன் சாறு இருக்கும், 'தாஷி' என்று பெயர், காய்ந்த மீன் சீவலில் எடுப்பது. காய்க் கூட்டு, சோயா பால்கட்டி, நூடுல்ஸ் எதைத் தொட்டாலும் அது உண்டு. அங்கே போகிறவர்கள் 'ஷோஜின் ரியோரி' என்று தேடுங்கள், புத்த மடங்களின் சைவச் சமையல், சாறு கடற்பாசியிலும் காய்ந்த காளானிலும் எடுப்பார்கள். கியோத்தோவில் தென்ரியூஜி கோயிலுக்குள்ளேயே ஷிகெத்ஸு என்ற இடத்தில் அது கிடைக்கும். வெளியே தோட்டம், உள்ளே தரையில் உட்கார்ந்து சின்னச் சின்னக் கிண்ணங்களில் சாப்பிடலாம், என் வாழ்க்கையில் அமைதியாகச் சாப்பிட்ட வேளைகளில் அது ஒன்று. டிப்ஸ் கொடுக்காதீர்கள், வாங்க மாட்டார்கள்.

சேலத்துக்காரன்

ஊர் திரும்பி நாலு நாள் ஆகிறது. எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

ஞாயிறை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை மதியம் 12.30-க்குப் போட்டோம். 11-ஆம் வட்டாரத்தில் சின்ன இடம், மொத்தமே பதினான்கு மேசை இருக்கும். மகள்தான் பிரெஞ்சில் எழுதினாள், காவேரிக்கரை மேடம் சொன்ன மாதிரியே 'வேகன், ஆனால் பால் பொருள் உண்டு' என்று. மறுநாளே பதில் வந்தது, "காளான் பிடிக்குமா, பூண்டு சேர்ப்பாரா, பாலாடைக்கட்டியின் உறைபொருள் பற்றி அவருக்கு ஆட்சேபம் உண்டா" என்று அவர்களே கேட்டிருந்தார்கள். அந்தக் கடைசிக் கேள்வியைப் படித்தவுடனே எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

மனைவி அரக்குக் கலர் பட்டில் வந்தாள். உட்கார்ந்ததும் அவளுடைய கைப்பையை வைக்க ஒரு குட்டி ஸ்டூல் கொண்டுவந்து பக்கத்தில் போட்டார்கள், அவளுக்கு அதுவே பெரிய ஆச்சரியம். லாச்சப்பல் அண்ணா சொன்னபடி முதல் ஒரு வாய்ச் சாப்பாடு வந்தபோது கேட்டேன், பரிமாறிய பெண் சிரித்துக்கொண்டே அவளுடையது வேறு என்று காட்டினாள், இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, என்னுடையதில் மீன், அவளுடையதில் வெள்ளரியும் தயிரும்.

முதன்மைச் சாப்பாடுதான் மறக்க முடியாது. செலரிக் கிழங்கு, நம் சேனைக்கிழங்கு மாதிரி கரடுமுரடான உருண்டை. அதை முழுதாக உப்பு மாவுக்குள் பொதிந்து சுட்டு, அந்த வெள்ளை ஓட்டோடு மேசைக்கே கொண்டுவந்து அவள் முன்னால் வைத்து உடைத்தார்கள். ஆவி வந்தது. வாசனை அப்படியே எங்கள் பாட்டி விறகடுப்புச் சாம்பலில் கிழங்கு சுடுவாளே, அது. மனைவி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், இருவருக்கும் ஒரே ஞாபகம். அதைத் துண்டு போட்டு, மேலே காளான் சாற்றை ஒரு குட்டிப் பாத்திரத்திலிருந்து ஊற்றினார்கள். என் தட்டில் கோழி, நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நான் அவள் தட்டிலிருந்துதான் அதிகம் எடுத்தேன். அவள் சாறு ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டாள். இனிப்புக்கு அத்திப்பழமும் பேரிக்காய் சோர்பேயும்.

இரண்டு மதிய மெனு 72 யூரோ வீதம், மது இல்லாத பானம் இரண்டு பேருக்கும், ஆளுக்கு ஒரு காபி, எல்லாம் சேர்த்து 212 யூரோ. பத்து யூரோ ரொக்கமாக வைத்தேன். தேனித் தம்பி, மிச்சப் பணத்தில் அவளுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கினேன், நீங்கள் சொன்னதும் வீணாகவில்லை. வெளியே வரும்போது மணி மூன்றேகால்.

லாச்சப்பல் அண்ணா

வாசிக்கச் சந்தோசமாக இருந்தது. பாண் வாங்கினீர்களோ?

சேலத்துக்காரன்

ஞாயிறு காலையில் வாங்கினோம் அண்ணா. சூடாக இருந்தது, கடையிலிருந்து மெட்ரோ வரை இருவரும் பிய்த்துக்கொண்டே நடந்தோம், அறைக்கு வரும்போது கையில் காகித உறை மட்டும்தான் இருந்தது.